பத்முவுக்கு விமானம் இல்லை

மனோன்மணிக்கு அறுபது வயது நிறைந்த அன்று, மகள் மிரியம் கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்து அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து கேக்கோடு வந்தாள். கேக் வெட்டி முடிந்ததும் கைத்தொலைபேசியைத் தாயிடம் நீட்டினாள். வருகிற மே மாதம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கிரேக்க நாட்டில் ஒரு கிழமை, ஏழு நாள் விடுமுறை. பில்லுண்டிலிருந்து கொஸ் என்ற தீவுக்கு நேரே விமானம், கடற்கரையோரம் ஹோட்டல், சாப்பாடும் அதற்குள்ளேயே.

மனோன்மணி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையில் தெரிந்த வரைபடத்தைப் பெரிதாக்கினாள். நீலத்துக்குள் பொரியை அள்ளி எறிந்ததுபோலத் தீவுகள். கொஸுக்குச் சற்று மேலே, இடப்பக்கம், ஒரு பெயரில் அவள் விரல் நின்றது.

"இது பத்மு எல்லே?"

இயேசுவின் சீடர் யோவானை நாடுகடத்தி வைத்திருந்த தீவு. ஞாயிறு பாடசாலையில் நீள வாங்குப் பலகையில் இருந்து கால் ஆட்டிக்கொண்டு கேட்ட பெயர். அதற்குப் பிறகு எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டுவிட்டாள். ஆனால் அது உண்மையிலேயே கடலில் கிடக்கும் ஒரு துண்டு நிலம், டிக்கெட் எடுத்தால் போய் இறங்கலாம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

"அங்கை போகலாமோ பிள்ளை?"

மிரியம் உடனே தேடிப் பார்த்து, வழமைபோல டேனிஷில் பதில் சொன்னாள். அந்தத் தீவில் விமான நிலையமே இல்லையாம். ஏதென்சுக்குப் பறந்து, அங்கே துறைமுகத்தில் பெரிய கப்பல் ஏறினால் ராத்திரி முழுக்க ஓடும். லெரோஸ் என்ற பக்கத்துத் தீவுக்குச் சின்ன விமானம் போகிறது, அங்கிருந்து படகில் கொஞ்ச நேரம்தான். ஆனால் அதற்கு ஏதென்ஸ் போய் மாற வேண்டும். கொஸிலிருந்து என்றால் விரைவுப் படகு, இடையில் இரண்டு மூன்று தீவுகளில் நின்று நின்று, ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். காலையில் போய்ப் பின்னேரம் திரும்பிவிடலாம்.

"கடலாலை போகாத வழி ஒண்டும் இல்லையோ?" பதில் தெரிந்தும் மனோன்மணி கேட்டாள்.

"நீந்தலாம்" என்று மிரியம் டேனிஷில் சொல்லிச் சிரித்தாள். பிறகு தகப்பனைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

செல்லத்துரை யன்னலோரம் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"வேண்டாம் பிள்ளை" என்றாள் மனோன்மணி, உள்ளே கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்க. "கொஸே காணும். எனக்குக் கப்பலும் ஒத்துக்கொள்ளாது."

கப்பல் ஒத்துக்கொள்ளுமா கொள்ளாதா என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. டென்மார்க்குக்கு வந்த இத்தனை வருடத்தில் அவள் ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. அது செல்லத்துரையால்.

எண்பத்தைந்தில் மன்னாரிலிருந்து இராமேஸ்வரம் போன படகொன்று கவிழ்ந்தது. அதில் இருந்தவர் அவர். ஒரு வெறும் மண்ணெண்ணெய்க் கானைப் பிடித்துக்கொண்டு விடியுமட்டும் மிதந்தார். அதே கானை மறுபக்கத்தில் பிடித்திருந்த சிநேகிதன் விடியும்போது இல்லை. கலியாணம் முடித்த முதல் வருடத்தில் ஒரேயொரு தடவை இதை அவளுக்குச் சொன்னார். அவளும் பிறகு கேட்கவில்லை. ஜேர்மனியிலிருந்து டென்மார்க்குக்கு வந்தபோதுகூட, எல்லோரும் கப்பலால் வர அவர் மட்டும் தரைவழியாகச் சுற்றி வந்தவர். பெரிய பாலம் கட்டுமுன் கொப்பன்ஹேகன் போவதென்றால் ரயிலையே கப்பலில் ஏற்றித்தான் கடலைக் கடக்க வேண்டும். அதனால் அல்பர்ட்ஸ்லுண்டில் நடந்த மனோன்மணியின் தம்பியின் கலியாணத்துக்கு இருவரும் போகவில்லை. பாலம் திறந்த வருடம் மாதத்துக்கு ஒருதரம் கொப்பன்ஹேகன் போனார்கள், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இவ்வளவுக்கும் அவர்கள் இருக்கும் பிரெடெரிசியா கடலோரப் பட்டினம். செல்லத்துரை பின்னேரங்களில் கரையில் நடப்பார், அலையைப் பார்ப்பார், மீன் வாங்குவார். கடலோடு அவருக்குக் கோபமில்லை. அதன்மேல் ஏறமாட்டார், அவ்வளவுதான்.

மிரியம் ஊர் திரும்பினாள். பத்முவைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

அதற்கு அடுத்த கிழமையிலிருந்து செல்லத்துரை வியாழக்கிழமைகளில் காலையில் வெளிக்கிடத் தொடங்கினார். சபை மண்டபத்தில் கதவு யன்னல் திருத்த வேலை இருக்கிறது, பாஸ்டர் கேட்டார் என்றார். தொழிற்சாலையில் முப்பது வருடம் குழாய்களோடு மல்லுக்கட்டிய மனிதர். ஓய்வு எடுத்தபிறகு கைக்கு வேலை கிடைத்தது நல்லதுதானே என்று மனோன்மணியும் தேநீர்ப் போத்தலை நிரப்பிக் கொடுத்துவிட்டு முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு வேலைக்குப் போனாள்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து கோப்பி குடிக்கும்போது பாஸ்டரின் மனைவி விக்ரோரியா கேட்டாள்: "அண்ணைக்குச் சுகமில்லையோ மனோக்கா? இந்த யன்னல் ஒண்டு இறுகிப்போய்க் கிடக்கு. அவரைப் பிடிப்பம் எண்டால் கிழமை நாளிலை இந்தப் பக்கம் ஆளைக் காணக்கிடைக்குதில்லை."

மனோன்மணி கோப்பையை மேசையில் வைத்தாள். "சொல்லிவிடுறன்" என்றாள். அவ்வளவுதான் வாயில் வந்தது.

செல்லத்துரை பொய் சொல்லத் தெரியாத மனிதர். இப்போது சொல்கிறார் என்றால் நோய் வருத்தம் ஏதும் வந்திருக்க வேண்டும். ரயிலில் போகிற தூரத்தில், எஸ்பியர்க் என்ற பட்டினத்தில் ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. அவருடைய கோட்டுப் பையில் எஸ்பியர்க் கடையொன்றின் கடதாசிப் பை கிடந்ததை அவள் முதல் நாள்தான் கண்டிருந்தாள். தனியாகப் போய் டொக்டரைப் பார்க்கிறார். தனக்குச் சொல்லாமல் எதையோ சுமக்கிறார். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அந்த வியாழன் அவள் வேலையை மாற்றிக்கொண்டாள். மிரியம் விட்டுப்போன சிவப்பு மழைக்கோட்டைப் போட்டு, தொப்பியை முகம் மறைய இழுத்துக்கொண்டு, செல்லத்துரைக்குப் பின்னால் ஸ்டேஷனுக்குப் போனாள். அவர் எஸ்பியர்க் ரயிலில் ஏறினார். அவள் கடைசிப் பெட்டியில் ஏறினாள். கட்டிய மனுசனைக் கள்ளனைப்போலத் தொடர்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் இறங்கவில்லை.

எஸ்பியர்க்கில் அவர் மருத்துவமனைப் பக்கம் திரும்பவில்லை. நேரே துறைமுகத்துக்கு நடந்தார். கரையில் காற்றாலைகளின் பெரிய வெள்ளை இறகுகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றைத் தாண்டி, எதிரே தெரிகிற ஃபானோ தீவுக்கு ஃபெரிக் கப்பல் போகும் துறைக்கு வந்து, ஏற நிற்கும் ஆட்களோடு தானும் நின்றார். மனோன்மணி சைக்கிள்கள் நிறுத்திய கொட்டகைக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

கதவு திறந்தது. ஆட்கள் நடந்தார்கள். செல்லத்துரையும் நடந்தார். தார்த்தரை முடிந்து கப்பலின் இரும்புத் தட்டு தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டார். ஆட்கள் இரண்டு பக்கத்தாலும் அவரை விலத்திப் போனார்கள். வலது காலை எடுத்து இரும்பில் வைத்தார். அது கொஞ்சம் அசைந்திருக்க வேண்டும். காலைத் திருப்பி எடுத்தார். அப்படியே பின்னுக்கு வந்தார். தட்டு மேலே எழுந்தது, ஃபெரி போனது.

அவர் வந்து வாங்கில் இருந்து, போத்தலைத் திறந்து தேநீர் வார்த்தார். பாதித் தேநீர் நிலத்தில் சிந்தியது.

மனோன்மணிக்கு அப்போது எல்லாம் விளங்கியது. அவளைப் பத்முவுக்குக் கூட்டிப்போகத்தான் பழகிப் பார்க்கிறார். வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓடிப்போய் அவர் பக்கத்தில் இருக்கவேண்டும்போல இருந்தது. ஆனால் போனால் என்ன நடக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். சிரிப்பார். சும்மா காற்று வாங்க வந்தனான் என்பார். இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள். பிறகு அவர் ஒருநாளும் இந்தப் பக்கம் வரமாட்டார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அடுத்த ஃபெரி வந்து கட்டியது. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு டேனிஷ் பெண், ஐம்பது வயது இருக்கும், இரண்டு பெரிய பைகளோடு விரைந்து வந்தவள் செல்லத்துரையைக் கண்டு நின்றாள். தெரிந்தவரிடம் பேசுவதுபோல, "இன்றைக்கா?" என்று டேனிஷில் கேட்டது காற்றில் வந்தது. அவர் தலையை ஆட்டி இல்லை என்றார். அந்தப் பெண் இரண்டு பைகளையும் ஒரு கைக்கு மாற்றிவிட்டு, மற்றக் கையை மடித்து அவர் பக்கம் நீட்டினாள். செல்லத்துரை அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து அதைப் பிடித்தார்.

இரும்புத் தட்டில் அவர் நின்றபோது அவளும் நின்றாள். இழுக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் சுற்றிப் போனார்கள். மூன்றடி, பிறகு நாலு, பிறகு இருவரும் உள்ளே போய் மறைந்தார்கள்.

மனோன்மணிக்கு எரிச்சலாக இருந்தது. முப்பத்தாறு வருடம் கூட இருந்தவள் நான். அந்தக் கை என்னுடைய கையாக எல்லோ இருந்திருக்கவேணும். அடுத்த கணம் ஃபெரி அசைந்தது, அந்த எரிச்சலை மேவிப் பயம் வந்தது. சாம்பல் தண்ணீரில் அது சின்னதாகிப் போகுமட்டும் அவள் உதடுகள் ஜெபித்துக்கொண்டிருந்தன. என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அக்கரைக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் ஓட்டம். ஆனால் போன ஃபெரி திரும்பி வருவதற்குள் அவள் கால் விரல்கள் விறைத்துவிட்டன. கொட்டகையை விட்டு வெளியே வந்து வாசலிலேயே நின்றாள், ஒளியவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல்.

தட்டு இறங்கியதும் முதல் ஆளாக வந்தது செல்லத்துரைதான், நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாத வேகத்தில். முகமெல்லாம் ஈரம். சிவப்புக் கோட்டைக் கண்டு நின்றார்.

"மனோ? நீர் என்னண்டு இஞ்சை?"

"ரயிலிலை."

"எப்ப துவக்கம் நிக்கிறீர்?"

"நீங்கள் தேத்தண்ணி குடிக்க முதலே நிக்கிறன்."

அவர் நிலத்தைப் பார்த்தார். "அப்ப எல்லாத்தையும் பாத்திட்டீர்."

"ஓம். நீங்கள் போனதையும் பாத்தனான். வந்ததையும் பாக்கிறன்."

"ஒவ்வொரு கிழமையும் வந்து வந்து திரும்பினனான், மனோ. இண்டைக்குத்தான்..." மனோன்மணி தன் கைலேஞ்சியை எடுத்துக் கொடுத்தாள். வாங்கி மூக்கைச் சிந்தினார்.

"ஆர் அந்தப் பொம்பிளை?"

"எமிலியா. அங்காலை தீவிலை கம்பளி நூல் கடை வைச்சிருக்கிறா. தினம் போய் வாறவ. நான் அவவுக்கு ஒண்டும் சொல்லேல்லை, அவவும் என்னெண்டு கேக்கேல்லை. முதல் நாள் வாங்கிலை இருக்கேக்கை ஒரு கறுப்பு இனிப்பு நீட்டினா. வாயிலை போட்டால் உப்பு! துப்பவும் ஏலாது, விழுங்கவும் ஏலாது. அந்த மனிசி பாத்துக்கொண்டு எல்லோ இருக்குது."

மனோன்மணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்தது.

"எனக்கு ஏன் சொல்லேல்லை நீங்கள்?"

"சொன்னால் நீர் வேண்டாமெண்டு சொல்லிப்போடுவீர்."

அது உண்மை. எத்தனை வருடமாக அவள் முந்திக்கொண்டு வேண்டாம் என்று சொல்லி வந்திருக்கிறாள்! அவர் சங்கடப்படக்கூடாது என்றுதான். அன்புதான். ஆனால் அவர் ஒருதரம் முயற்சி செய்து பார்க்கலாம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

"வாரும்" என்றார் செல்லத்துரை திடீரென்று. "இப்ப திருப்பிப் போகப்போகுது. காலிலை சூடு இருக்கேக்கை ஒருக்கா ஏறுவம்."

ஏறினார்கள். இரும்புத் தட்டில் அவர் அவள் கையை நோகும்படி பிடித்தார். உள்ளே போய் யன்னலோரம் இருந்தார்கள். ஃபெரி கரையை விட்டு விலகிக் காற்றில் ஒரு பக்கம் சரிந்ததுதான் தாமதம், மனோன்மணிக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. மகளிடம் சும்மா சொன்ன வார்த்தை உண்மையாகப் போய்விட்டது.

"கப்பல் எனக்கு ஒத்துக்கொள்ளாதப்பா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"தண்ணியைப் பாராதையும். அங்காலை அந்த வீட்டுக் கூரையைப் பாரும். எமிலியா அப்பிடித்தான் சொன்னவ." அவர் அவளுடைய கைப்பையை விரித்து, அவசரமென்றால் அதற்குள் வாந்தி எடுக்கலாம் என்று அவள் மடியில் வைத்தார். தன் பயத்தில் பாதியை அவர் மறந்துபோனது அவளுக்குத் தெரிந்தது.

வழியில் மணல் திட்டொன்றில் கொழுத்த கடல்நாய்கள் சாக்கு மூட்டைகள்போலப் படுத்திருந்தன. ஒன்று தலையைத் தூக்கி ஃபெரியைப் பார்த்தது.

"உது முதலும் கிடந்ததோ?" என்று கேட்டாள்.

"தெரியாது. முதல் தரம் நான் கண் திறக்கேல்லை."

தீவில் எமிலியாவின் கடை துறைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. செல்லத்துரை "இது என்ரை மனிசி" என்று டேனிஷில் அறிமுகம் செய்தார். மனோன்மணிக்குச் சொல்ல நிறைய இருந்தது. இத்தனை வருடம் பேசிய டேனிஷ் அந்த நேரம் பார்த்து ஒளித்துக்கொண்டது. "தக்" என்று நன்றி மட்டும் சொன்னாள், அதையே மூன்று தரம் சொன்னாள். எமிலியா அவள் வெளிறிய முகத்தைப் பார்த்துவிட்டு, கதிரையொன்றை இழுத்துப்போட்டு, இனிப்புப் பெட்டியைத் திறந்தாள். செல்லத்துரை தமிழில் மெல்ல, "எடாதையும்" என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வியாழக்கிழமைகளில் இருவரும் எஸ்பியர்க் போனார்கள். முதியோர் இல்லத்தில் அந்த நாளை விடுமுறையாகவே மாற்றித் தந்தார்கள். சில நாள் புயலால் ஃபெரி ஓடவில்லை. சில நாள் ஃபெரி ஓடியது, செல்லத்துரையால் ஏலவில்லை. அன்றைக்கு வாங்கில் இருந்து தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மனோன்மணிக்கு டொக்டர் வாந்தி நிறுத்தும் குளிசை எழுதிக் கொடுத்தார்.

மே மாதம் கொஸில் போய் இறங்கினார்கள். பத்முவுக்குப் போக இருந்த நாள் காற்றென்று படகை நிறுத்திவிட்டார்கள். செல்லத்துரைக்கு அது பெரிய ஆறுதல். ஆறுதலாக இருப்பதே வெட்கமாகவும் இருந்தது. ஹோட்டலில் இரண்டு தட்டு மீன் பொரியல் சாப்பிட்டார். மறுநாள் படகு ஓடியது. களிம்னோஸ் என்ற தீவு தாண்டும்வரை எல்லாம் சரி. அதற்குப் பிறகு அலை பெருத்தது. அவர் முகம் சுண்ணாம்பாகி, கதிரையின் கையை இறுக்கிக்கொண்டு, "என்னோடை கதையும், மனோ. என்னெண்டாலும் கதையும்" என்றார்.

என்ன கதைப்பது? மனோன்மணிக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. வாயில் வந்தது முதியோர் இல்லத்துச் சாப்பாடுதான். திங்கள் இறைச்சி உருண்டையும் கிழங்கும். செவ்வாய் மீன். புதன் பட்டாணி சூப், அதுக்கு உப்புக் காணாதெண்டு ஒரு கிழவர் கோப்பையைத் திருப்பி அனுப்புவார். வெள்ளிக்கிழமை வரை போய், திரும்பத் திங்களில் தொடங்கினாள். செல்லத்துரை கண்ணை மூடிக்கொண்டு, "கிழங்கு அவிச்சதோ பொரிச்சதோ?" என்று இடையிடையே கேட்டார். அப்படியே பத்மு வந்துவிட்டது.

மலையின் பாதியில் யோவான் தரிசனம் கண்ட குகை இருந்தது. தாழ்வான பாறைக் கூரை, எண்ணெய் விளக்குகள், வரிசையில் வெளிநாட்டார். அழுவேன் என்று மனோன்மணி நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை, பசித்தது. செல்லத்துரை பாறையில் உள்ளங்கையை வைத்து நின்றார். சின்ன யன்னலால் தெரிந்த கடலைப் பார்த்துவிட்டு, அவள் காதருகே சொன்னார்: "யோவானும் இஞ்சை கப்பலிலைதான் வந்திருப்பார், என்ன? விருப்பமில்லாமல்."

ஊர் திரும்பிய ஞாயிறு, ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம், விக்ரோரியா அவளை முன்னுக்குக் கூப்பிட்டாள். பத்முவுக்குப் போய் வந்தவள் எங்கள் சபையிலேயே இவள்தான், நடந்ததைச் சொல்லட்டும் என்றாள். எல்லோரும் ஆவலாகப் பார்த்தார்கள். முதல் நாள் இரவு மனோன்மணி சொல்லவேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தாள். ஒலிவாங்கியைப் பிடித்தபோது, பின் வரிசையில் இருந்த செல்லத்துரையின் கண்ணைச் சந்தித்தாள். இரும்புத் தட்டில் வைத்த காலை அவர் திருப்பி எடுத்தது நினைவுக்கு வந்தது. அது அவருடையது. அவர் யாருக்கும் சொல்லாததை ஒலிவாங்கியில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"கர்த்தர் கிருபையாலை சுகமாய்ப் போய்ச் சுகமாய் வந்தம்" என்றாள். "குகை சின்னன். அங்கை நிக்கேக்கை மனம் அமைதியாய் இருந்தது. கடல் நல்லாய் இருந்தது. ஸ்தோத்திரம்."

விக்ரோரியாவின் முகம் கொஞ்சம் வாடியது. எல்லோரும் ஆமென் என்றார்கள்.

காரில் வீட்டுக்குப் போகும்போது செல்லத்துரை கேட்டார்: "என்ன, இவ்வளவோடை முடிச்சிட்டீர்? நான் பெரிய பிரசங்கம் எண்டெல்லோ பாத்துக்கொண்டிருந்தனான்."

"மிச்சம் எங்கள் ரெண்டு பேருக்குந்தான்" என்றாள்.

சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியவர், கியரில் இருந்த கையை எடுத்து அவள் கைமேல் வைத்தார். விளக்கு பச்சையாகி, பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடிக்குமட்டும் எடுக்கவில்லை.